காற்றும் கண்ணியமும்

ஸ்காட்லாந்து ஆடவரின் 'கில்ட்' உடையைக் கண்டதும் உள்ளே என்ன என்று கேட்டு நகைப்போர் பலர். காற்று ஓயாத அம்மலைநாட்டில் முழங்காலளவே நீளும் உடையில் மானம் காப்பது எங்ஙனம் என நாமும் வியந்ததுண்டு.

மரபுவழிக் கில்ட்டுக்கு ஏறத்தாழ 8 கெஜம் கம்பளித்துணி வேண்டும். அதன் பெரும்பகுதி பின்புறம் மடிப்புகளாக அடங்கி, தன் கனத்தாலேயே காற்றுக்கு ஈடுகொடுக்கிறது. முன்புறம் இரு பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய, அவற்றின்மேல் 'ஸ்போரன்' என்னும் பை தொங்குகிறது. ஓரத்து ஊசியை மேற்பாளத்தில் மட்டுமே குத்துவர். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் நடக்கையில் துணி இழுபட்டுக் கிழியக்கூடும்.

எஞ்சிய பொறுப்பு அணிபவருடையது. உள்ளாடை அணிதல் நன்று. அமரும்போது பின்மடிப்புகளைக் கையால் ஒழுங்குசெய்து, முழங்கால்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெருங்காற்றில் பின்புறம் எழும்பினால் கையே காவல்.

1746-ஆம் ஆண்டுச் சட்டம் படைவீரரல்லாத ஆடவருக்கு இவ்வுடையைத் தடைசெய்தது. மீறியவருக்கு ஆறு மாதச் சிறை. மீண்டும் மீறினால் ஏழாண்டு நாடுகடத்தல். 1782-இல்தான் தடை நீங்கியது. இவ்வளவு விலை கொடுத்து மீட்ட உடை கேலிப்பொருளாகலாமா?

கனமுள்ள துணியும் கவனமுள்ள மனமும் சேருமிடத்தில் காற்று தோற்கிறது. நம் சொல்லுக்கும் செயலுக்கும் இவ்விரண்டும் வேண்டுமென்றே எண்ணுகிறோம்.