பொம்மைக்கு என்ன விலை?

"அண்ணே, இதழுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க. ஆனா வேதியியல் மட்டும் வேணாம்" என்று பேரவைத் தம்பி ஒருவன் புலனத்தில் செய்தி அனுப்பியிருந்தான். வேதியியலை விட்டால் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது இன்னும் ஒன்றுதான். பொம்மை! விடுதியில் என்னோடு தங்கியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். என் கட்டிலுக்கு அடியில் மூன்று பெட்டிகள் இருக்கும். அவற்றில் ஒரு பாடப்புத்தகம்கூட இருந்ததில்லை.

பொம்மை என்று சொன்னால் சேகரிப்பாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆக்‌ஷன் ஃபிகர் என்றுதான் சொல்ல வேண்டுமாம். இந்தப் பெயருக்கும் ஒரு கதை உண்டு. 1964இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்ற போர்வீரனைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, பையன்களுக்குப் பொம்மை என்று சொல்லி விற்க முடியாது என்று பயந்து உண்டாக்கிய சொல் அது. நம் தமிழில் அந்த வசதி இல்லை. பார்பியும் பொம்மைதான், பேட்மேனும் பொம்மைதான். அப்பா இன்றும் உறவினர்களிடம் என்னை "படிக்கிறப்பவே பொம்ம வித்தவன்" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். அதில் பெருமை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று என்னால் இன்னும் பிரித்தறிய முடியவில்லை.

2014இல் நான் பட்டர்வொர்த்திலிருந்து படிக்க வந்தேன். மறு ஆண்டு, நண்பன் ஒருவன் பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் மாலில் நடந்த வார இறுதிப் பழம்பொருள் சந்தைக்கு அழைத்துப் போனான். பழைய இசைத்தட்டு, கடிகாரம், நாணயம், அஞ்சல்தலை என்று விரித்து வைத்திருந்த மேசைகளுக்கு நடுவே ஒரு சீனப் பெரியவரின் மேசை. அதில் என் சிறுவயதுத் தொலைக்காட்சி முழுவதும் படுத்துக் கிடந்தது. நான் ஒரு நிஞ்சா ஆமையை எடுத்து முகத்தைப் பார்த்தேன். அவர் மலாயில், "தம்பி, முகத்தைப் பார்க்காதே. முதுகைப் பார்" என்றார். எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது. அவரை அங்கிள் என்றே அழைத்தேன், இந்தக் கட்டுரையிலும் அப்படியே இருக்கட்டும்.

முதுகிலோ, பாதத்திலோ, தொடையின் உள்பக்கத்திலோ சின்ன எழுத்தில் நிறுவனத்தின் பெயர், ஓர் ஆண்டு, ஒரு நாட்டின் பெயர் பொறித்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் விழுகிற குழி அந்த ஆண்டுதான். அது உரிமை பதிவான ஆண்டு, பொம்மை செய்த ஆண்டு அன்று. மேட்டல் நிறுவனத்தின் ஹீ-மேன் 1982இல்தான் கடைக்கு வந்தான். ஆனால் அவன் முதுகில் 1981 என்றிருக்கும். அதற்குப் பல ஆண்டுகள் கழித்து வார்த்தவனின் முதுகிலும் அதே 1981தான்! ஆகவே, "அங்கிள், இது 81ஆம் வருஷத்துப் பொம்மை" என்று யாராவது விலை சொன்னால் அவர் சிரித்துக்கொண்டே தேநீரை உறிஞ்சுவார்.

அதன் பிறகு மூட்டுகள். ஹீ-மேனின் இடுப்பில் ஒரு வில் இருக்கிறது. உடம்பைத் திருகிவிட்டால் குத்துவிடுகிற வேகத்தில் திரும்பி வர வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் விலை இறங்கும். கால்கள் உள்ளே ரப்பரால் இணைந்தவை. ரப்பர் தளர்ந்தால் வீரன் நிற்க மாட்டான், சாய்ந்துகொண்டே இருப்பான். 1982க்குப் பிந்திய சிறிய ஜி.ஐ. ஜோக்களுக்கு உடம்பின் நடுவே ஒரு ரப்பர் வளையம்தான் உயிர். அது இற்றுப்போனால் ஆள் இரண்டு துண்டு. ஆனால் வளையம் மலிவு, மாற்றிக்கொள்ளலாம். உடைந்த கட்டைவிரலை மாற்ற முடியாது. எந்தக் குறை மாற்றக்கூடியது, எது மாற்ற முடியாதது என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தால் பாதி மதிப்பீடு முடிந்தது.

மூன்றாவது, கூட வந்த பொருள்கள். ஹீ-மேனுக்கு மார்புக்கவசம், கோடரி, கேடயம், பாதி வாள். ஆமாம், பாதி வாள்தான்! மீதிப் பாதி அவன் எதிரி ஸ்கெலிட்டரிடம் இருக்கும், இரண்டையும் ஒட்டினால்தான் முழு வாள். இரண்டு பொம்மைகளையும் வாங்க வைப்பதற்கு இதைவிட நல்ல தந்திரம் உண்டா? கூடவே ஒரு சிறு சித்திரக்கதைப் புத்தகமும் பொதியில் இருந்தது. தொலைக்காட்சித் தொடர் 1983இல்தான் வந்தது. அந்த முதல் புத்தகங்களில் இளவரசர் ஆடம் கிடையாது, ஹீ-மேன் காட்டுக் குலத்திலிருந்து வந்த வெறும் வீரன். தொடரை மட்டும் பார்த்து வளர்ந்தவர்கள் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் குழம்பிப் போவார்கள். நிஞ்சா ஆமைகளும் இப்படித்தான். 1984இல் வந்த சித்திரக்கதையின் வண்ண அட்டைகளில் நான்கு ஆமைகளுக்கும் சிவப்பு முகத்துணிதான். ஆளுக்கொரு நிறம் கொடுத்தது கார்ட்டூன். அதனால் நான்கும் சிவப்பாக இருக்கும் ஆமையைப் போலி என்று தள்ளிவிடாமல் எதைப் பார்த்துச் செய்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

போலி என்றால் ஆயுதங்களில்தான் அதிகம். அசல் கோடரியிலிருந்து அச்செடுத்து வார்த்தால், வார்ப்பு ஆறும்போது சற்றே சுருங்கும். அசலோடு பக்கத்தில் வைத்தால் தலைமுடி அளவு குட்டையாக இருக்கும், ஓரங்கள் மழுங்கியிருக்கும். அங்கிள் இதற்கென்றே ஒரு டப்பா நிறைய அசல் ஆயுதங்களை ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்தார்.

என் பங்குக்கு அவருக்கு நான் கொடுத்தது வேதியியல். நம் ஊர் வெப்பத்தில் சில பொம்மைகள் ஏன் பிசுபிசுக்கின்றன என்று அவருக்குத் தெரியவில்லை. மென்மையான பிவிசியில் கலந்திருக்கும் நெகிழ்வூட்டி மெல்ல மேலே கசிந்து வருகிறது, அவ்வளவுதான். வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும், சில மாதம் கழித்து மறுபடி கழுவ வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் 1985இல் வந்த ஜெட்ஃபயர் வெள்ளை நிறத்தவன், ஆனால் இன்று பல வீடுகளில் பழைய பல்லின் நிறத்தில் இருக்கிறான். அந்த ஞெகிழியில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் சேர்மங்களும் புற ஊதாக்கதிரும் செய்யும் வேலை என்பார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்தால் வெளுக்கும், கொஞ்ச நாளில் திரும்ப மஞ்சளாகவும் ஆகலாம். இப்படிப் பேசிப் பேசியே அங்கிள் என்னைக் கூட்டாளி ஆக்கிக்கொண்டார். அவர் வாங்குவார், நான் சுத்தம் செய்வேன், இலாபத்தில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு. விடுதிச் சாப்பாட்டுச் செலவுக்கு வீட்டில் கேட்க வேண்டியிருக்கவில்லை. கண்ணும் கெட்டுப்போனது. எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் குறைதான் தெரியும். அத்தை வீட்டு நவராத்திரிக் கொலுவில்கூட, "செட்டியார் பொம்மைக்கு மூக்கில் வண்ணம் போய்விட்டது, ஆறரை மதிப்பெண்" என்று வாய்தவறிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

2016 தீபாவளி விடுமுறையில், ஊசி தேடப் போய் அம்மாவின் தையல் இயந்திர இழுப்பறையைத் திறந்தேன். நூல்கண்டுகளுக்கு அடியில் ஒரு ஹீ-மேன்!

கை தானாகவே முதுகைத் திருப்பியது. 1981. மலேசியா. ஹீ-மேனைத் தைவான், ஹாங்காங், மெக்சிகோ, மலேசியா என்று பல நாடுகளில் வார்த்தார்கள், சேகரிப்பாளர்கள் அதை வைத்தே தனித்தனி வரிசை வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அப்போதே எனக்குத் தெரியும். இடுப்பு வில் சரியாக இருந்தது. கால் கொஞ்சம் தளர்வு. காலணியில் சிறு தேய்மானம். ஆயுதம் ஒன்றுமில்லை. மிகப் பெரிய குறை முகத்தில் இருந்தது. தலைமுடிக்கு அடித்த மஞ்சள் வண்ணம் நெற்றியில் கசிந்து, இடப் புருவம்வரை இறங்கியிருந்தது. பத்துக்கு ஆறு போட்டேன்.

அம்மா சமையலறையில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். "அம்மா, இத எடுத்துக்கிறேன்" என்றேன். என்ன என்று பார்க்காமலேயே "ம்" என்றார். அது எப்படி அங்கே வந்தது என்று நானும் கேட்கவில்லை.

விடுதியில் பஞ்சுக்குச்சியும் நகப்பூச்சு அகற்றும் அசிட்டோனும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அசிட்டோன் பிவிசியையும் இளக்கிவிடும் என்பது முதலாண்டு மாணவனுக்கே தெரியும். தெரிந்தும் செய்தேன், கை பழகியிருக்கிறது என்ற திமிர். இரண்டு மணி நேரத்தில் கசிவு போய்விட்டது. என் பங்காக வந்த பொருள்களிலிருந்து ஓர் அசல் கவசத்தையும் கோடரியையும் மாட்டினேன். இப்போது எட்டு!

ஞாயிற்றுக்கிழமை அங்கிள் அதை வாங்கி வில்லைச் சொடுக்கினார், கோடரியைத் தடவினார். "நூற்று எண்பது வெள்ளிக்கு ஆள் இருக்கிறது" என்றார். பிறகு கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து நெற்றியைப் பார்த்தார். சுற்றிலும் மினுமினுப்பு, அந்த இடம் மட்டும் மங்கல்.

"இங்கே என்ன இருந்தது?"

"முடி வண்ணம் கசிந்திருந்தது. துடைத்துவிட்டேன்."

"யார் வீட்டுப் பொருள்?"

அம்மாவுடையது என்றேன். கேட்டதற்கு, அம்மா கல்யாணத்துக்கு முன்பு பிறையில் தொழிற்சாலையில் வேலை செய்தார் என்றும் சொன்னேன். சொல்லும்போதே நாக்கு மெதுவானது. பினாங்குப் பிள்ளைகளுக்குத் தொழிற்சாலை என்றால் மின்னியல்தான், அம்மா ஏதோ மின்சில்லு ஒட்டியிருப்பார் என்றே இருபது வருடம் நினைத்திருந்தேன். எந்தத் தொழிற்சாலை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அங்கிள் பொம்மையை மேசையில் வைத்துவிட்டார். "தொழிற்சாலையில் கழித்துப்போட்ட பொருள், அங்கே வேலை செய்தவர் வீட்டிலிருந்தே வருகிறது. அதை மட்டும் தேடுகிற ஆட்கள் இருக்கிறார்கள், தம்பி. அந்தக் கறைதான் அத்தாட்சி. நீ அதைத் துடைத்துவிட்டு என் கோடரியை மாட்டியிருக்கிறாய்." அவர் திட்டவில்லை. அடுத்த பொருளை எடுத்துக்கொண்டார்.

அன்றிரவு ஊருக்குப் பேருந்து ஏறினேன். உண்மையைச் சொன்னால், வழியெல்லாம் நான் நினைத்தது பணத்தைத்தான். எவ்வளவு போயிற்று என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனேன்.

அம்மா பொம்மையைக் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"இதுவா! நெத்தியில மஞ்சளா இருந்துச்சே?"

1984. அம்மாவுக்குப் பத்தொன்பது வயது. தோட்டத்திலிருந்து விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்தில் பிறைக்குப் போவார்களாம். அம்மாவுக்கு வண்ணப் பிரிவு. தலையின்மேல் உலோக முகமூடி ஒன்றைப் பொருத்தி, முடி மட்டும் வெளியே தெரியும் இடத்தில் வண்ணம் அடிக்க வேண்டும். முகமூடி ஓர் இழை நகர்ந்தாலும் வண்ணம் முகத்தில் ஏறிவிடும். "மொத வாரம் பூரா எனக்கு அப்படித்தான். தலை தலையாக் கழிச்சுப் போட்டாங்க. இது எப்படியோ தப்பிச்சு, உடம்பெல்லாம் மாட்டி கடைசி சோதனைக்குப் போயிருச்சு. அங்க புடிச்சிட்டாங்க." வரிசைத் தலைவியாக இருந்த மலாய்க்கார அக்கா எல்லார் முன்னாலும் திட்டிவிட்டு, மாலையில் சிரித்துக்கொண்டே அதை அம்மா கையில் கொடுத்தாராம்.

"அப்போ இது நீங்க அடிச்சதாம்மா?" என்றேன்.

"அது யாருக்குத் தெரியும்? நான் அடிச்சதோ, பக்கத்துல இருந்தவ அடிச்சதோ. திட்டு வாங்கினது நான்."

துடைத்தது நான்தான் என்று சொன்னேன். எதற்கு என்று கேட்டார். விலை கூடும் என்று நினைத்தேன் என்றேன். அம்மா நெற்றியை விரலால் தடவிப் பார்த்தார். எனக்கு அந்த நேரத்தில் யாராவது பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டால் தேவலை போலிருந்தது.

"நல்லாத்தான் தொடச்சிருக்க. அன்னிக்கே இப்படி இருந்திருந்தா, இது அமெரிக்காவுக்குப் போயிருக்கும்" என்றார். பிறகு கவசத்தையும் கோடரியையும் பார்த்து, "இதெல்லாம் ஏது? இது அவன்கூட வரல" என்று சொல்லி, கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, அவனை நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்து இழுப்பறையை மூடினார்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. சுற்றுலாப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த அப்பா வீட்டில் உட்கார்ந்தார். நான் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை, பாதிச் சம்பளம்தான். மூன்று பெட்டிகளையும் திறந்து நாற்பத்தொரு பொம்மைகளையும் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் குறைகளை எழுதினேன். மூட்டு, வண்ணம், மஞ்சளிப்பு, எந்தப் பொருள் அசல், எது மாற்று என்று ஒன்றுவிடாமல் எழுதி விற்றேன். எதையும் துடைக்கவில்லை. ஐந்து மாதம் வீட்டுக் கடனைக் கட்ட அது போதுமாக இருந்தது.

பட்டியல் எழுதும்போது அம்மா இழுப்பறையைத் திறந்து, "இதுக்கும் ஏதாவது கொடுப்பாங்களா பாரு" என்று அவனையும் கொண்டுவந்து வரிசையின் கடைசியில் நிறுத்தினார். கால் தளர்ந்திருந்ததால் பக்கத்தில் இருந்த ஆமையின்மேல் சாய்ந்துகொண்டு நின்றான். நான் வழக்கம்போல எழுதினேன். இடுப்பு நன்று. கால் தளர்வு. காலணி தேய்மானம். ஆயுதம் இல்லை. நெற்றியில் மங்கல். அம்மா பின்னால் நின்று படித்துவிட்டு, "இவ்வளவு கொறை சொன்னா எவன் வாங்குவான்?" என்று அவனைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கவசமும் கோடரியும் மட்டும் தனியாக நாற்பத்தைந்து வெள்ளிக்குப் போயின.