களிம்பு ஏறின கனெக்டர்



சிராங்கூன் ரோடு கோயில்ல நம்மகூட அன்னதானம் பரிமாறுற தம்பி ஒருத்தர், மோட்டார் சைக்கிள்ல சாப்பாடு டெலிவரி பண்றவர். மூணு மாசமா வண்டியில எஞ்சின் லைட் அணையல. பட்டறையில ஆக்ஸிஜன் சென்சரை ரெண்டு தடவை மாத்தியாச்சு. அடுத்து ஈசியூவையே மாத்தணும்னாங்க. அவ்வளவு காசுக்கு அவர் எங்க போவார்? வண்டி நின்னா வருமானமும் நின்னுடும்.

ஞாயித்துக்கிழமை பாத்திரம் கழுவி முடிச்சதும் தொண்டூழியர்கள் நாங்க சேர்ந்து பார்த்தோம். பல ஹோண்டா வண்டிகள்ல லைட் சிமிட்டறதே கணக்கு: நீளமா சிமிட்டினா 10, குட்டையா சிமிட்டினா 1. இதுல ரெண்டு நீளம், ஒரு குட்டை. ஆக 21: ஆக்ஸிஜன் சென்சர் சர்க்யூட். சென்சர் மட்டும் இல்லீங்க, அதுக்குப் போற வயர், கனெக்டர் எல்லாம் அதுல அடக்கம்.

கனெக்டரைக் கழட்டினா உள்ளே பச்சைக் களிம்பு! நம்ம ஊர் மழைக்குக் கேக்கணுமா? காண்டாக்ட் கிளீனர் அடிச்சு, காயவச்சு மாட்டி, பழைய கோடை அழிச்சோம். அப்புறம் லைட் வரவே இல்லை.

ஆணவ மலத்தைச் செம்பில் ஏறிய களிம்புன்னு சைவ சித்தாந்தம் சொல்லும். கோயில் செம்புல களிம்பு ஏறினா புளி போட்டுத் தேய்க்கிறோம், செம்பைத் தூக்கிப் போடுறதில்ல. வண்டியும் அப்படித்தான். (கனெக்டருக்குப் புளி வேண்டாம் 😄)

பார்ட்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி கனெக்டரைப் பாருங்க. வண்டி ஓட்டுற தம்பிகளுக்குப் பகிருங்க.