காட்டுப்பள்ளியில் சந்திரமுகி!

பொங்கல் வந்தால் சென்னையே காலியாகும். எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போவார்கள். இந்த வருஷம் நானும் போனேன். அவர்கள் சொந்த ஊருக்கு. நான் காட்டுப்பள்ளிக்கு!

மாட்டுப் பொங்கலன்று டூட்டி. நான் அங்கே ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்கு எழுதுகிறவன். "கப்பலுக்குப் பொங்கல் தெரியுமாய்யா?" என்று கேட்டார் மேனேஜர். கப்பலுக்குத் தெரியாதுதான். ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது. குடும்பத்தோடு கும்பகோணம் போய்விட்டார்.

அம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "நாளும் கிழமையுமா புள்ளை பட்டினி கிடக்குமே" என்று புலம்பிக்கொண்டே ஒரு எவர்சில்வர் சம்புடத்தைக் கையில் திணித்தாள். திறந்து பார்த்தால், வெண்ணெய்! ஆவின் பாலில் தினமும் ஆடை எடுத்துச் சேர்த்து வைத்துக் கடைந்தது. எலுமிச்சம்பழம் மாதிரி நாலு உருண்டை.

"இதை வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?"

"டீக்கடையில பன்னு வாங்கித் தடவித் தின்னு. வெறும் பன்னு தொண்டையை அடைக்கும்."

ஆபீசில் என்னை 'வெண்ணெய்' என்று கூப்பிடுகிற நண்பர்கள் ஏற்கெனவே உண்டு. அன்றைக்கு ஆதாரத்தோடு போனேன்.

* * *

காட்டுப்பள்ளி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். சென்னைக்காரர்கள் பாதிப் பேருக்கு எண்ணூரோடு பூமி முடிந்துவிடுகிறது. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறுங்கள். திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம்... அடுத்தது மீஞ்சூர். இறங்கிவிடுங்கள். மற்ற நாட்களில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்கிற பெட்டியில் அன்று நான் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போனேன். டூட்டிக்கு அரசாங்கம் தரும் போனஸ் அதுதான்.

மீஞ்சூரில் ஒரே ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. கொம்புக்குப் பதில் ஹேண்டில்பாருக்குச் சாமந்தி மாலை. டிரைவர் அண்ணன் காட்டுப்பள்ளிக் குப்பத்துக்காரர்.

"இன்னா ஸார், மாட்டுப் பொங்கல் அன்னிக்குமா டூட்டி?"

"மாடு நான்தானே அண்ணே. எனக்கு ஏது லீவு?"

சிரித்துவிட்டார். இருநூறு கேட்கவிருந்தவர் நூற்றைம்பதோடு நிறுத்தினார்.

காட்டுப்பள்ளி ஒரு தீவு. நிஜத் தீவுதான். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு ஏரி. நடுவே நீளமாக ஒரு மணல் திட்டு. அதன்மேல்தான் இத்தனையும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. பக்கத்தில் 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. அதற்கு இப்போது காமராஜர் பெயர். 2010-ல் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் நிலையம் வந்தது. நாளைக்கு 10 கோடி லிட்டர் தயாரிக்கிற திறன். (எங்கள் யார்டில் குடிப்பது கேன் தண்ணீர்.) 2013-ல் காட்டுப்பள்ளித் துறைமுகம்.

"அதோ அந்த கிரேன் நிக்குது பார் ஸார், அந்தாண்டதான் எங்க வூடு இருந்திச்சு. கப்பல் கட்ற எடம் வருதுன்னு எங்களை மாத்தி வெச்சுட்டாங்க. இப்ப நானே என் ஊருக்குள்ள போணும்னா செக்யூரிட்டி கார்டு கேக்கறான்" என்றார் அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கு என்கிற மாதிரி சொன்னார்.

* * *

பன்னிரண்டு மணிக்கு எனக்குப் பசித்தது. கேன்டீன் பூட்டு. டீக்கடை பூட்டு. பன் கிடைக்காத தீவில் கையில் கால் கிலோ வெண்ணெயோடு நிற்கிறவன் நிலைமையை நினைத்துப் பாருங்கள்! வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனையாவது ஊரில் கேலி செய்வார்கள். பன்னுக்கு அலைந்தவனுக்குப் பழமொழிகூடக் கிடையாது.

வாட்ச்மேன்தான் வழி சொன்னார். "பின்னாடி தகர ஷெட்டுல தாதா சமைக்கிறாரு ஸார். போய்க் கேளுங்க."

தாதாவா? எனக்கு வயிற்றில் பசி போய்ப் புளி கரைந்தது. மடித்துக் கட்டிய லுங்கி, முறுக்கு மீசை, பின்னால் நாலு டாடா சுமோ... இப்படி ஒரு கற்பனையோடு எட்டிப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிழங்கு கழுவிக்கொண்டிருந்தார். வங்காளியில் தாதா என்றால் அண்ணன். அவ்வளவுதான். ஒப்பந்தக்காரரிடம் வெல்டர். ஊர் மேற்கு வங்காளத்தில் ஹூக்ளி ஜில்லா. ஐந்து வருஷமாக இங்கே. தமிழ் பேசுவார், 'ழ' மட்டும் வேலைநிறுத்தம்.

"வாங்க ஸார், உக்காருங்க. இந்த சமயம் நம்ம ஊர்லயும் சங்கராந்தி. லீவு இல்லே. அதான் சந்திரமுகி."

"யாரு?!"

திரும்பிப் பார்த்தேன். கொலுசுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. தாதா பாத்திரத்திலிருந்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்துக் காட்டினார். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிசு.

"இதுதான் சந்திரமுகி."

அவர் சொன்னது நிஜம். சிம்லாவில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1968-ல் வெளியிட்ட ரகம் அது. முழுப் பெயர் குஃப்ரி சந்திரமுகி. குஃப்ரி என்பது சிம்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மலை. ரஜினி படம் வந்தது 2005-ல். ஆக, கிழங்குச் சந்திரமுகி 37 வருஷம் மூத்தவள்! சீக்கிரம் விளைகிற ரகம். நெல் அறுத்த வயலில் நவம்பரில் நட்டால், அவசரக்காரர்கள் ஜனவரியிலேயே தோண்டிவிடலாம். தாதாவின் மச்சான் முந்தாநாள்தான் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியிருந்தார். துணிப்பையில் ஐந்து கிலோ. சொந்த வயல் கிழங்கு.

தாதா கட்டை விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். தோல் வெங்காயச் சருகு மாதிரி சுருண்டு வந்துவிட்டது. கத்தியே வேண்டாம்.

இங்கே நம் வாசக பிரம்மச்சாரிகளுக்கு ஒரு எச்சரிக்கை. கடையில் 'பேபி உருளை' என்று கூறுகட்டி விற்பதெல்லாம் புதுக் கிழங்கு அல்ல. சின்னது வேறு, புதுசு வேறு. பழைய கிழங்கிலும் பொடிசு உண்டு. விரலால் தேய்த்துத் தோல் உரிந்தால்தான் புதுசு. முற்றாத கிழங்கு, மாவுச்சத்து குறைச்சல், தண்ணீர் ஜாஸ்தி. அதனால் வேகவைத்தால் உடையாது. ஆனால் நாலு நாளைக்கு மேல் வைத்தால் சுருங்கிவிடும். பச்சை நிறம் தட்டிய கிழங்கைத் தூக்கி எறியுங்கள். தோலோடு சாப்பிடும்போது ரொம்ப முக்கியம்.

மற்றதெல்லாம் மார்ச் மாதத்தில் குளிர்பதனக் கிடங்குக்குப் போய் மாதக்கணக்கில் படுத்திருக்கும். அந்தக் குளிரில் மாவு கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். உங்கள் மெஸ் பொரியல் சில நாள் காரணமில்லாமல் இனிப்பது அதனால்தான். மெஸ்காரர் பாசத்தால் அல்ல.

* * *

"கடுகெண்ணெய்தான் இருக்கு. உங்களுக்குப் பிடிக்காது" என்று தாதா தயங்கினார்.

சம்புடத்தைத் திறந்து நீட்டினேன். மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மூடியை மூக்குக்கிட்டே கொண்டுபோய் ஒரு நிமிஷம் அப்படியே இருந்தார். "வீட்டு வெண்ணெய்" என்றார்.

சமையல் இதுதான். வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். அரைக் கிலோ கிழங்கைத் தேய்த்துக் கழுவி, உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரிலேயே வைத்து அடுப்பை மூட்ட வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளியே குழையும், உள்ளே நறுக்கென்று நிற்கும். குத்திப் பார்த்தால் இறங்க வேண்டும், உடையக் கூடாது. தண்ணீரை வடித்து, பாத்திரத்தை இரண்டு நிமிஷம் திறந்து வைத்தால் ஈரம் ஆவியாகப் போய்விடும். ஈரம் இருந்தால் வெண்ணெய் ஒட்டாது.

அதற்குள் தாதா நாலு பல் பூண்டைத் தட்டினார். அரை ஸ்பூன் மிளகை ஒன்றிரண்டாகப் பொடித்தார். ஒரு சிட்டிகை கருஞ்சீரகத்தை வெறும் சட்டியில் புரட்டினார். அதில்லாமல் அவர்கள் ஊரில் உருளைக்கிழங்கு அடுப்பேறாதாம். என் பங்குக்கு நான் ஷெட் வாசலிலிருந்த செடியிலிருந்து ஒரு கொத்து கறிவேப்பிலை உருவி, அதே சட்டியில் மொறுமொறுவென்று ஆக்கி நொறுக்கினேன். எல்லாவற்றையும் உப்போடு இரண்டு உருண்டை வெண்ணெயில் போட்டுப் பிசைந்தார்.

"அடுப்புல வெச்சு உருக்க வேண்டாமா தாதா?"

"வேணாம் ஸார். தீ வேணாம்."

இரும்பையே உருக்குகிற மனிதர் வெண்ணெய்க்குத் தீ வேண்டாம் என்கிறார்! காரணம் இருக்கிறது. வெண்ணெயில் கொழுப்போடு கொஞ்சம் தண்ணீரும் பால் திப்பியும் உண்டு. தீ அதிகமானால் அந்தத் திப்பி கருகிக் கசக்கும். அதனால் அடுப்பை அணைத்துவிட்டு, சுடுகிற கிழங்கின் மேல் மசாலா வெண்ணெயைப் போட்டுக் குலுக்கினார். கிழங்கின் சூட்டிலேயே அது உருகி, தோலின் கீறல் வழியாக உள்ளே இறங்கிவிட்டது.

வெண்ணெய்க்கு வாசனை ஏற்றுவது வெள்ளைக்காரன் வித்தை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெண்ணெய் உருக்கும்போது அம்மா முருங்கைக்கீரை போடுவாளே, அந்தக் கீரைக்கு நாம் அடித்துக்கொண்டோமே, அது என்னவாம்? எங்களுக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613-ல் கோட்டை கட்டினார்கள் டச்சுக்காரர்கள். இன்றைக்கு அவர்கள் நாட்டில் உருளைக்கிழங்கும் வெண்ணெயும் இல்லாமல் சாப்பாடு கிடையாது. கோட்டை கட்டியபோது பாவம், அவர்கள் வீட்டு மேஜைக்கே கிழங்கு வந்திருக்கவில்லை.

சோறு தயார். கிழங்கு தயார். குழம்பு? அதற்கும் ஆள் வந்தது, சாமந்தி மாலையோடு! "கேன்டீன் சாத்திக் கீதுன்னு கேள்விப்பட்டேன். வூட்ல மடவை மீன் குழம்பு வெச்சாங்க" என்று தூக்குச்சட்டியோடு இறங்கினார் ஆட்டோ அண்ணன். மீன் என்ற சொல்லைக் கேட்டதும் வங்காளிக்குத் தமிழ் இன்னும் நன்றாகப் புரிந்தது.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். சோற்றில் மீன் குழம்பு, தொட்டுக்கொள்ளக் கிழங்கு. பல்லில் பட்டதும் தோல் 'டப்'பென்று வெடித்தது. உள்ளே வெண்ணெய், பிறகு பூண்டு, கடைசியில் மிளகு. ஐந்து நிமிஷம் யாரும் பேசவில்லை. கிரேன்கூடச் சும்மாதான் நின்றது.

* * *

தாதாவின் போன் அடித்தது. திரையில் ஒரு கிழவர், பின்னால் வயல். அப்பா. தாதா ஒரு கிழங்கை எடுத்து காமிராவுக்குக் காட்டி, வாயில் போட்டுக்கொண்டார். கிழவர் சிரித்தார். அப்புறம் ஏதோ சொன்னார். தாதா சிரிக்கவில்லை.

"என்ன சொல்றாரு?"

"விளைச்சல் நல்லா இருக்கு."

"சந்தோஷம்தானே?"

"இல்லே ஸார். எல்லார் வயல்லயும் நல்லா விளைஞ்சா விலை விழுந்துடும். விளையலேன்னாலும் கடன். விலை கிடைச்சா நான் எதுக்கு இங்கே?" தட்டைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்: "ஊர்ல இருக்கும்போது முதல் கிழங்கை வயல்லயே வைக்கோல் போட்டுச் சுடுவோம். அஞ்சு வருஷமா இந்த மாசத்துல ஊர்ல இல்லே. நான் போற மாசத்துல கிடங்குக் கிழங்குதான். புதுக் கிழங்கு யாருக்காகவும் காத்திருக்காது."

ஆட்டோ அண்ணன் ஒன்றும் சொல்லாமல் தன் தட்டிலிருந்த பெரிய மீன் துண்டை எடுத்துத் தாதா தட்டில் வைத்தார். வயலை விட்டு வந்தவர் ஒருவர். வீடு இருந்த இடத்தில் கிரேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் ஒருவர். நடுவில், ஒரு பண்டிகைக்கு லீவு கிடைக்கவில்லை என்று காலையிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த நான். கொஞ்சம் கூச்சமாக இருந்தது. மேனேஜரை மன்னித்துவிட்டேன். (அன்றைக்கு மட்டும்.)

கிளம்பும்போது சம்புடத்தைக் கழுவி வைத்துக்கொண்டேன். தாதா அதைப் பிடுங்கி, நிறையக் கிழங்கை அமுக்கி மூடிக் கொடுத்தார்.

"மாசிமாவுக்கு."

"யாரு மாசிமா?"

"உங்க அம்மா. வந்த பாத்திரத்தை வெறுமனே அனுப்பக் கூடாது ஸார். எங்க ஊர்ல பழக்கம்."

எங்கள் தெருவிலும் அதே பழக்கம்தான் என்று சொன்னேன்.

மாலையில் மீஞ்சூர் பிளாட்பாரத்தில் நின்றபோது, வடக்கேயிருந்து ஒரு எக்ஸ்பிரஸ் நிற்காமல் சென்னைப் பக்கம் பறந்தது. கதவுக் கம்பியைப் பிடித்தபடி தொங்கிய பையன்கள் மடியில் என்னென்ன மூட்டையோ!

வீட்டில் அம்மா வாசலிலேயே கேட்டாள். "பன்னு கிடைச்சுதாடா? வெண்ணெயைத் தின்னியா?"

"பன்னு கிடைக்கலைம்மா. சந்திரமுகியோட சாப்பிட்டேன்."

அம்மா ஒரு நிமிஷம் மூச்சுவிடவில்லை. "யாருடா அவ?"

"மேற்கு வங்காளம்மா. ரொம்ப மெல்லிசுத் தோல்."

சம்புடத்தைத் திறந்து காட்டிய பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது. முழுக் கதையையும் கேட்டாள். மறுநாள் காலை நான் கேட்காமலே சம்புடத்தில் புது வெண்ணெய் இருந்தது. "அந்தப் பிள்ளைக்குக் குடு. ஐந்து வருஷமாமே!"

அன்றிலிருந்து அது போக வர இருக்கிறது. ஒருநாள் வெண்ணெய் போகும், ஒருநாள் கருஞ்சீரகம் வரும். ஒருநாள் ஆட்டோ அண்ணன் வீட்டுக் கருவாடு வரும். எங்கள் வீட்டுச் சம்புடத்துக்குத் தனியாக சீசன் டிக்கெட் எடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்!