2 கிலோ விதையில் வீட்டுச் சோறு

திருவாரூர் மாவட்டம், திருத்துறைப்பூண்டியை அடுத்த கடைமடை ஊர் ஆதிரெங்கம். 2006-ம் ஆண்டு ‘நெல்’ ஜெயராமன் நெல் திருவிழாவைத் தொடங்கிய ஊர் இது. விழாவுக்கு வரும் விவசாயிக்கு 2 கிலோ பாரம்பர்ய விதைநெல் கிடைக்கும். அடுத்த ஆண்டு அதை 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். காசு கிடையாது. 2018-ல் அவர் மறைந்தார். அவர் கொடுத்த விதை இன்றும் பல வயல்களில் விளைகிறது.

கடை விலையைப் பார்த்தவர்கள், ‘இயற்கை அரிசி நமக்குக் கட்டுப்படியாகாது’ என்பார்கள். விளைவிக்கிற வீட்டுக்குக் கணக்கே வேறு. தினம் ஒன்றரை கிலோ அரிசி பொங்கும் வீட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 550 கிலோ அரிசி தேவை. நெல்லாக 850 கிலோ. ஒற்றை நாற்று நடவென்றால், ஏக்கருக்கு 2 கிலோ விதையே போதும்.

அதற்காக, இருக்கிற நிலம் முழுவதையும் ஒரேயடியாக மாற்றிவிடக் கூடாது. மாப்பிள்ளைச் சம்பா 5 மாதப் பயிர். ஆள் உயரத்துக்கு வளரும். யூரியா போட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் சாய்ந்துவிடும். மகசூலும் ஒட்டு ரகங்களைவிடக் குறைவு. கடனை அடைக்கிற நெல் வழக்கம்போல விளையட்டும். வீட்டுச் சோற்றுக்கு மட்டும் ஓர் ஏக்கரை ஒதுக்கி, தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் நேரத்தில் மடக்கி உழுது, தொழுவுரம் போட்டு நடலாம்.

அறுவடையானதும் முதலில் விதைக்கு எடுத்து வைக்க வேண்டும். அடுத்த வீட்டுக்குத் தர வேண்டிய 4 கிலோவும் அதில்தான் இருக்கிறது.