கட்டைக் கணக்கு: சூரமங்கலத்தில் விசைப்பலகைக் கலைஞரின் தொழில்

தமிழ்நாட்டில் பாடகர் ஒருவரிடம் அவருடைய சுருதி என்னவென்று கேட்டால், ‘ஐந்து கட்டை’ என்றோ ‘ஒன்றரைக் கட்டை’ என்றோதான் விடை வரும். கட்டை எனப்படுவது ஆர்மோனியத்தின் விசைப்பலகையில் விரல் படும் மரக்கட்டையாகும். மேலைநாட்டார் ‘சி’ என்று குறிக்கும் வெள்ளைக் கட்டையை ஒன்றென வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் எண்ணிக்கொண்டு போனால் ‘ஜி’ ஐந்தாவதாக வருகிறது. முதல் இரண்டு வெள்ளைக் கட்டைகளுக்கு இடையே நிற்கும் கருங்கட்டை ஒன்றரை ஆகிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த விசைப்பலகை இவ்வாறு தமிழ்ப் பாடகரின் தொண்டைக்கே அளவுகோலாகிவிட்டது. ஆர்மோனியத்தைத் தம் மேடையில் ஏற்காத வித்துவான்களும் தம் குரலை அதன் கட்டையால்தான் அளந்து சொல்கிறார்கள்.

அளவுகோலாக ஏற்கப்பட்ட கருவி, இசைக்கருவியாக அவ்வளவு எளிதில் ஏற்கப்படவில்லை. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கிவைத்தது. அந்தத் தடை 1971இல்தான் தளர்த்தப்பட்டது. கட்டையை அழுத்தியதும் பிறக்கும் சுரம் இருந்த இடத்திலேயே நிற்கும் என்பதும், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு அசைந்தும் வழுக்கியும் செல்லும் கமகத்தை அதில் கொண்டுவர இயலாது என்பதும் அத்தடைக்கு முன்வைக்கப்பட்ட முதன்மையான காரணங்களாகும். பியானோவும் அதன் மின்னணு வாரிசான கீபோர்டும் இதே குறையுடன்தான் பிறந்தவை. ஆகவே தமிழ்ச் சூழலில் விசைப்பலகையைத் தொழிலாகக் கொண்டவரின் உழைப்பு, நிலைபெற்று நிற்கும் கட்டைகளைக் கொண்டு அசையும் இசைக்குப் பணி செய்யும் உழைப்பாக அமைகிறது. சேலம் மாநகரின் மேற்குப் பகுதியான சூரமங்கலத்திலிருந்து பார்க்கும்போது இந்த உழைப்பின் முழு உருவமும் தெரிகிறது.

சேலம் சந்திப்பு ரயில் நிலையம் சூரமங்கலத்தில்தான் உள்ளது. சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு ஆகிய மூன்று நகரங்களுக்கும் இங்கிருந்து வண்டி உண்டு. 2013இல் நாமக்கல் வழியாகக் கரூர் செல்லும் பாதையும் திறக்கப்பட்டது. இசைக்கலைஞருக்கு இது வெறும் பயண வசதியன்று, தொழிலின் அடித்தளம். நாகசுரக் கலைஞர் தம் கருவியை உறையிலிட்டு எடுத்துச் செல்கிறார். வயலின் கலைஞர் பெட்டியில் வைத்து மடியோடு அணைத்துக்கொள்கிறார். கச்சேரிகளுக்கென்று செய்யப்படும் ஒன்பதடிப் பியானோவோ ஏறத்தாழ ஐந்நூறு கிலோ எடையுள்ளது. பியானோக் கலைஞர் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரில் நிற்கும் கருவியைத்தான் வாசிக்க வேண்டும். சமவெளி ஊர்களின் அரங்குகளில் அப்படியொரு கருவியைக் காண்பது அரிது என்பதால், இப்பகுதியின் கலைஞர்கள் தோளில் மாட்டக்கூடிய கீபோர்டையே தம் பியானோவாக ஆக்கிக்கொண்டார்கள்.

இந்தத் தேர்வின் பொருளை உணர, உண்மையான பியானோ கேட்கும் பராமரிப்பை அருகிலிருந்து காண வேண்டும். 1700ஆம் ஆண்டையொட்டி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்தோபோரி உருவாக்கிய இக்கருவியில், கட்டையை அழுத்தினால் சிறு சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டு உடனே விலகிக்கொள்கிறது. இன்றைய பியானோவில் 88 கட்டைகளும் ஏறத்தாழ 230 கம்பிகளும் உள்ளன. கம்பிகள் எல்லாம் சேர்ந்து இருபது டன்னை நெருங்கும் விசையுடன் இழுபட்டு நிற்கின்றன. மந்தரத்தின் அடியில் ஒரு கட்டைக்கு ஒரு கம்பி, அதற்கு மேலே இரண்டு, நடுவிலும் உச்சியிலும் மூன்று என்று கம்பிகள் அமைந்திருப்பதால், சுருதி சேர்ப்பவர் முதலில் மூன்றில் இரண்டு கம்பிகளைக் கம்பளிப் பட்டையாலோ ரப்பர் ஆப்பாலோ வாய்மூட வைக்கிறார். பிறகு 440 அதிர்வெண் கொண்ட இசைக்கவையைத் தட்டி, நடுக்கம்பியை அதனுடன் ஒப்பிட்டு, முறுக்கும் சாவியை மயிரிழை அளவு திருப்புகிறார். இரு ஒலிகளும் மிக நெருங்கி, ஆனால் ஒன்றாகாமல் இருக்கும்போது ஒலி எழுந்தும் தாழ்ந்தும் அலையடிக்கும். பள்ளி இயற்பியல் நூல்கள் விம்மல்கள் என்று குறிப்பிடுவது இதைத்தான். விம்மல் மெல்ல மெல்ல நீண்டு அடங்கும் கணத்தில் சாவி நிற்கிறது.

ஆனால் எல்லா விம்மல்களையும் அடக்கிவிட்டால் பியானோ கெட்டுப்போகும் என்பதே இக்கைவினையின் நுட்பமாகும். பன்னிரண்டு சுரங்களும் எந்தக் கட்டையிலிருந்து தொடங்கினாலும் ஒரேபோல ஒலிக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வோர் இடைவெளியும் சமப்படுத்தப்படுகிறது. இதற்குச் சமப்பகுப்பு என்று பெயர். அதன் விலையாக ச–ப உறவு இம்மியளவு குறுகி நிற்கிறது. அந்தர காந்தாரமோ தன் இயற்கை இடத்திலிருந்து அரைச்சுர இடைவெளியில் ஏறத்தாழ ஏழிலொரு பங்கு கூடி நிற்கிறது. தம்பூராவை நன்றாகச் சுருதி கூட்டி மீட்டினால், எவரும் இசைக்காமலே அதன் கார்வையில் ஒரு காந்தாரம் தானாகத் தோன்றும். அந்தக் காந்தாரத்தில் ஊறிய செவிக்குப் பியானோவின் காந்தாரம் சற்றே கூர்மையாகப் படும். அதனால்தான் பாடகருடன் வாசிக்கும் தேர்ந்த கலைஞர், பாடகர் காந்தாரத்தில் நின்று கார்வை கொடுக்கும் இடத்தில் அதே கட்டையை அழுத்தாமல், சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் கீழே விரித்துவைத்துக் காந்தாரத்தைக் குரலுக்கே விட்டுவிடுகிறார்.

சேலத்தின் பருவநிலையும் இந்தத் தொழிலில் பங்குகொள்கிறது. கம்பிகளின் அதிர்வை வாங்கிப் பெருக்கும் மரப்பலகை, சித்திரை வெயிலில் உலர்ந்து சுருங்கும்போது சுருதி இறங்குகிறது. ஐப்பசி மழையின் ஈரத்தில் பலகை உப்பும்போது சுருதி ஏறுகிறது. ஆண்டுக்கு இருமுறையாவது பியானோ சுருதி சேர்க்கப்பட வேண்டும் என்பது இதனால்தான். இந்தக் கைவேலை அறிந்தவர்கள் பெருநகரங்களிலேயே மிகுதியாக இருப்பதால், அவர்களை வரவழைக்கும் செலவே சிற்றூர்ப் பியானோக்கள் ஊமையாகிப்போவதற்குக் காரணமாகிறது.

மேலையிசையும் தமிழிசையும் சந்தித்தது நேற்றன்று. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சாகித்தியம் அமைத்த நோட்டுசுரங்கள் இன்றும் பாடப்படுகின்றன. 1893இல் சின்னசாமி முதலியார் கருநாடக உருப்படிகளை ஐந்து கோட்டுக் குறியீட்டில் அச்சிட்டார். 1917இல் வெளிவந்த ‘கருணாமிர்த சாகரம்’ நூலில் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் சுருதிகளைக் கணக்கிட்டு ஆராய்ந்தார். ஆபிரகாம் பண்டிதர் வலியுறுத்திய பண்ணுப்பெயர்ப்பு, அதாவது ஒரு பண்ணின் வேறொரு சுரத்தை ஆதாரமாகக் கொள்ளும்போது மற்றொரு பண் பிறத்தல், விசைப்பலகையில் கண்ணாலேயே காணக்கூடியதாகிறது. நாலரைக் கட்டையைச் சட்ஜமமாக வைத்துக் கருங்கட்டைகளை மட்டும் வாசித்தால் மோகனம் வருகிறது. அதற்கடுத்த கருங்கட்டையைச் சட்ஜமமாகக் கொண்டால் மத்தியமாவதி, அதற்கடுத்ததைக் கொண்டால் இந்தோளம், ஒன்றரைக் கட்டைக்கு மாறினால் சுத்தசாவேரி என்று அதே ஐந்து கருங்கட்டைகள் வெவ்வேறு இராகங்களாகின்றன. விரல் பழகாத குழந்தையும் முதல் நாளிலேயே இதைக் கேட்டு மகிழ முடிகிறது; விசைப்பலகை தமிழிசைக்கு அளித்த கொடைகளில் இது சிறந்தது.

இனி, நிகழ்ச்சிகளுக்கான ஆயத்தத்தைக் காணலாம். இப்பகுதிக் கலைஞரின் ஆண்டு, திருமண மாதங்களையும் திருவிழா மாதங்களையும் பின்பற்றிச் சுழல்கிறது. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் திருமண வரவேற்புக் கச்சேரிகள் நிறைகின்றன. முகூர்த்தமில்லாத ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழாவும் சுற்றியுள்ள ஊர்களின் அம்மன் விழாக்களும் கைகொடுக்கின்றன. மார்கழியில் தேவாலயங்களின் கிறிஸ்துமஸ் பாடற்குழுக்கள் அழைக்கின்றன. வரவிருக்கும் நிகழ்ச்சியைக் கலைஞர்கள் ‘டேட்’ என்று குறிப்பிடுகிறார்கள். டேட் உறுதியானதும் கேட்கும் முதல் கேள்வி, யார் பாடுகிறார், எத்தனை கட்டை என்பதேயாகும். ஒரே பாடலை ஆண் பாடகர் ஒரு கட்டையிலும் பெண் பாடகர் ஐந்து கட்டையிலும் கேட்கும்போது, கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்திச் சுருதியை மாற்றிக்கொள்ளலாம். பியானோவில் அந்தப் பொத்தான் இல்லை. கலைஞர் அதே மெட்டைப் பன்னிரண்டு இடங்களிலிருந்தும் விரல்களுக்குப் பழக்கியிருக்க வேண்டும். பொத்தானை நம்பி வளர்ந்த கை, உண்மையான பியானோவின் முன் அமரும்போது திகைத்துப்போவது இதனால்தான். அதனால் பொறுப்புள்ள ஆசிரியர்கள் தொடக்க ஆண்டுகளில் அந்தப் பொத்தானைத் தொடவிடுவதில்லை. கமகத்துக்காகக் கீபோர்டின் இடப்பக்கம் அமைந்த சுருதி வளைக்கும் சக்கரத்தை இடக்கையின் கட்டைவிரல் உருட்ட, வலக்கை மெட்டை வாசிக்க, நாகசுரத்தின் அசைவு ஓரளவு கிட்டுகிறது. அப்பொழுது இடக்கை சுரக்கூட்டுகளை, அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒரே வேளையில் ஒலிப்பதை, விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. எந்த இடத்தில் அசைவு, எந்த இடத்தில் கூட்டு என்று முடிவெடுப்பதே இவருடைய மனோதர்மம்.

ஒலிப்பதிவின் கதை சேலத்துக்குச் சொந்தமான கதையாகும். டி. ஆர். சுந்தரம் 1935இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், ஏற்காடு சாலையில் இருந்தபடி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை உருவாக்கியது. 1950இல் வந்த ‘மந்திரி குமாரி’க்கு ஜி. ராமநாதன் இசையமைத்தார், 1956இல் வண்ணத்தில் வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்துக்கு எஸ். தட்சிணாமூர்த்தி இசையமைத்தார். படத்தொழில் பின்னர் சென்னையிலேயே குவிந்துவிட்டதால், இசையைப் பிழைப்பாகக் கொள்ள விரும்பிய சேலத்துக்காரரும் சூரமங்கலத்தில் ரயிலேறிச் சென்னைக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் கற்பித்த மேலையிசைதான் இளையராஜாவின் அடித்தளங்களில் ஒன்றாயிற்று. 2005இல் புடாபெஸ்ட் இசைக்குழுவுடன் வெளிவந்த ‘திருவாசகம்’ முதல் 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறிய ‘வேலியன்ட்’ சிம்பொனி வரை அந்த அடித்தளத்தின் பயன் நீண்டது.

விசைப்பலகையே ஒலிப்பதிவு நிலையமாகும் காலமும் சென்னையில்தான் தொடங்கியது. பிறருடைய இசைக்குழுக்களில் கீபோர்டு வாசித்துவந்த ஏ. ஆர். ரகுமான், தம் வீட்டிலேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துக்கொண்டு, 1992இல் ‘ரோஜா’ படத்தின் இசையை அளித்தார். அதன் பின்விளைவு இன்று சூரமங்கலத்துச் சந்துகளை எட்டியிருக்கிறது. பத்துக்குப் பத்து அறையில் கணினி, கீபோர்டு, ஒலியை எண்களாக மாற்றித் தரும் சிறு பெட்டி, ஓர் ஒலிவாங்கி, எதிரொலியைத் தடுக்கச் சுவரில் ஒட்டிய பஞ்சுத் தகடுகள் ஆகியவை இருந்தால் புதிய பாடல் ஒன்று பிறந்துவிடுகிறது. கீபோர்டிலிருந்து கணினிக்குச் செல்வது ஒலியன்று. எந்தக் கட்டை, எவ்வளவு வேகத்தில், எவ்வளவு நேரம் அழுத்தப்பட்டது என்ற செய்தி மட்டுமே. ஆகவே வாசித்து முடித்த பிறகும் ஒவ்வொரு சுரத்தையும் நகர்த்தித் திருத்த முடிகிறது. இந்த வசதியே பொறியாகவும் அமைகிறது: எல்லாச் சுரங்களையும் தாளக் கட்டத்துக்குள் சரியாக நிறுத்திவிட்டால் வாசிப்பின் உயிர் போய்விடும் என்பதால், கவனமுள்ள கலைஞர் சில சுரங்களை விரல் விழுந்த இடத்திலேயே விட்டுவைக்கிறார். பியானோவில் அடக்காமல் விட்ட விம்மலும், ஒலிப்பதிவில் திருத்தாமல் விட்ட சுரமும் ஒரே செவியின் முடிவுகளாகும்.

இவ்வாறு உருவாகும் ஒலிப்பதிவுகளுக்குப் பின்னால் உரிமை என்னும் கேள்வி நிற்கிறது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் படைப்பின் பயன்பாட்டிலிருந்து வரும் உரிமைத்தொகையில் பங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க இயலாததாக ஆக்கியது. ஒரே தொகையைப் பெற்றுக்கொண்டு பாடலை முழுவதுமாகக் கொடுத்துவிடும் பழக்கம் சிறு ஊர்களில் இன்னும் நீடிப்பதால், மெட்டுப் போடக் கற்கும் இளைஞர் ஒப்பந்தத்தைப் படிக்கவும் கற்றாக வேண்டும். இது கலையின் புறத்தே உள்ள செய்தியன்று, கலைஞர் அடுத்த ஆண்டும் கலைஞராக நீடிப்பதற்கான செய்தியாகும்.

2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்’ போட்டியில் சென்னைச் சிறுவர் லிடியன் நாதஸ்வரம் பியானோ வாசித்து வென்றபோதும், பியானோக் கலைஞர் அனில் சீனிவாசனும் பாடகர் சிக்கில் குருசரணும் இணைந்து கருநாடக உருப்படிகளை வழங்கியபோதும், தமிழ்நாடு இக்கருவியைத் தன் சொந்தப் பெருமையாக உணர்ந்தது. அந்தப் பெருமைக்கு ஏற்ற அடித்தளம் மாவட்டங்களில் இன்னும் உருவாகவில்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றைப் பயிற்றுவிக்கும் அரும்பணியைச் செய்கின்றன. விசைப்பலகையோ தேவாலயத்திலும் மெல்லிசைக் குழுவிலும் வீட்டு வகுப்பிலுமாகக் கைமாறிக் கைமாறியே கற்கப்படுகிறது. அயல்நாட்டிலிருந்து வந்த வயலினுக்கு அங்கே ஓர் இருக்கை கிடைத்திருப்பதுபோல இதற்கும் கிடைக்க வேண்டும். சேலத்தின் பொது அரங்கு ஒன்றில் நல்ல பியானோ ஒன்று நிற்பதும், சித்திரையிலும் ஐப்பசியிலும் அதைச் சுருதி சேர்க்க உள்ளூர் இளைஞர் ஒருவர் பயிற்றுவிக்கப்படுவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்களல்ல. அவை கைகூடும்போது, தோளில் கீபோர்டுடன் சூரமங்கலத்தில் வந்திறங்கும் கலைஞர், பாடகரிடம் ‘எத்தனை கட்டை?’ என்று கேட்டுவிட்டு, தம் ஊரிலேயே ஓர் உண்மையான கட்டையின் மீது விரல் வைப்பார்.