கணக்கேட்டில் ஒரு குழாய்

டில்லியில் அரசுப் பணி முடிந்தபின், கர்னாலுக்கு அருகே நண்பர் ஒருவருடைய பண்ணையின் கணக்குகளைச் சில ஆண்டுகள் நான் கவனித்து வந்தேன். 2011ஆம் ஆண்டு மே மாதம். ஜூன் 15க்கு முன் நெல் நடவு கூடாதென்று 2009இல் ஹரியானாவில் சட்டம் வந்திருந்தது. அந்த நாளுக்குள் எருவையெல்லாம் வயல்களில் சேர்த்துவிட வேண்டும்.

எரு அள்ளுவதற்கு, முன்புறம் லோடர் பூட்டிய பழைய டிராக்டர் ஒன்று இருந்தது. காலையில் வாளி நிறைய அள்ளித் தூக்கிற்று. பத்து மணிக்குமேல் அதன் கரங்கள் தளர்ந்து, முனகிக்கொண்டே ஏறின. ஓட்டுநரான முதியவர் அரை வாளியாக அள்ளத் தொடங்கினார். அவருக்கோ மணிக்கணக்கில் கூலி. வேலையை நீட்டுகிறார் என்று முடிவு கட்டி, நான்கு நாள்களில் பன்னிரண்டு மணி நேரக் கூலியைப் பிடித்து வைத்தேன். அவர் வாதாடவில்லை. எண்ணெய் சூடானால் எந்திரம் அழுகிறது என்று மட்டும் சொன்னார்.

நகரத்திலிருந்து வந்த மெக்கானிக், பம்பு தேய்ந்துவிட்டது, புதியது வாங்குங்கள் என்றார். அவர் சொன்னதும் நியாயமே. தேய்ந்த பம்பில், சூட்டால் இளகிய எண்ணெய் உள்ளுக்குள்ளேயே நழுவிவிடும். ஆனால் முதியவருக்கு அந்த முனகல் உறுத்திற்று. அது தாகமெடுத்த பம்பின் குரல் என்றார்.

பம்புதான் அழுத்தத்தைப் படைக்கிறது என்று நான் நம்பியிருந்தேன். அப்படியன்று, பம்பு தருவது ஓட்டத்தை மட்டுமே. தூக்கும் சுமை எதிர்த்து நிற்பதால்தான் அழுத்தம் எழுகிறது. உறிஞ்ச எண்ணெய் கிடைக்காவிட்டால் எவ்வளவு நல்ல பம்பும் வெறுமனே ஊளையிடும்.

முதியவர் கரங்களைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு எண்ணெய் மட்டத்தைப் பார்த்தார். (கரங்கள் உயர்ந்திருக்கையில் பார்த்தால் எண்ணெய் உருளைகளுக்குள் போயிருக்கும், குறைவென்று நினைத்து அளவுக்குமேல் ஊற்றிவிடுவோம். நானே அப்படி ஊற்றியதுண்டு.) மட்டம் சரியாக இருந்தது. நுரை இல்லை, ஆகவே காற்றுப் புகவில்லை. வடிகட்டியைக் கழற்றினார், அதிலும் அழுக்கில்லை. பிறகு எந்திரத்தை ஓடவிட்டு, தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர்க் குழாயைக் காட்டினார். வாளி ஏற ஏற, அது உறிஞ்சிய மாம்பழத் தோல்போல் ஒட்டிக்கொண்டது!

உறிஞ்சும் பக்கத்துக் குழாயினுள் கம்பிச் சுருள் இருக்கவேண்டும். இதில் இல்லை. எண்ணெயில் ஊறி, வெயிலிலும் சூட்டிலும் துவண்ட வெறும் ரப்பர்.

அந்தக் குழாயை வாங்கியவர் யார்? கணக்கேட்டைப் புரட்டினேன். இரண்டாண்டுகளுக்கு முந்தைய பக்கத்தில், கடைக்காரர் சொன்ன விலையில் பாதிக்கும் குறைவாக ஒரு மாற்றுக் குழாய்; எழுத்து என்னுடையது. பக்கத்தில் 'சிக்கனம்' என்றுகூட ஒரு குறிப்பு.

மறுநாள் கம்பிச் சுருள் வைத்த குழாய் வந்தது. நடுப்பகல் வெயிலில் முழு வாளி சத்தமின்றி மேலேறிற்று. பிடித்த கூலியை அவரிடம் நீட்டினேன். எண்ணாமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பாபுஜி, அடுத்த தடவை கடைக்குப் போகும்போது என்னையும் அழைத்துக்கொண்டு போங்கள்" என்றார்.