கடன் வாங்கிய தீனார்

கோட்டைப்பட்டினத்தை அடுத்த சிற்றூர் மதரஸாவில் ஓதிக்கொடுப்பவன் எளியேன். ஒருநாள் மாணவன் ஒருவன், தன் வாப்பா குவைத்திலிருந்து கொணர்ந்த ஒற்றைத் தீனார் நோட்டைக் காட்டி, "ஹஜ்ரத், தீனார் அரபிச் சொல்தானே?" என்று வினவினான். 'ஆம்' என்று சொல்ல நா எழுந்தது. ஆயினும் அது முழு உண்மையன்று.

'தெனாரியுஸ்' என்னும் இலத்தீன் சொல்லே அதன் மூலம். பத்து வெண்கலக் காசுகளுக்கு ஈடாக உரோமர் முதலில் அடித்த வெள்ளி நாணயம் அது. கிரேக்கம், அரமேயம் வழியே அரபு நாட்டை அடைந்தபோது அது பொற்காசின் பெயராயிற்று. ஹிஜ்ரி 77இல் கலீஃபா அப்துல் மலிக், உருவம் நீக்கிக் கலிமா பொறித்த தீனாரை வெளியிட்டார். உரோமரின் பொன் நமக்கும் அயலன்று; 1898இல் நம் மாவட்டத்துக் கருக்காக்குறிச்சியில் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன.

"அப்படியானால் திருமறையில் பிறமொழிச் சொல்லா?" என்று திகைத்தான் பையன். முன்னோரும் இதனை ஆராய்ந்துள்ளனர். இமாம் ஷாஃபிஈ அவர்கள் அதனை மறுத்தார்கள். அபூ உபைத் அவர்களோ, பிறப்பால் அயற்சொல்லாயினும் அரபியர் நாவில் பழகிய பின் அரபிச் சொல்லே என்று இணக்கம் கண்டார்கள். நாம் 'சாவி' என்பதும் 'மேசை' என்பதும் போர்த்துக்கீசியர் தந்தவைதாமே! இன்று அவற்றை யார் அயலாக எண்ணுகிறார்?

தீனார் வருமிடம் ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 75ஆம் வசனம். பொற்குவியலை நம்பி ஒப்படைத்தாலும் திருப்பித் தருவோர் உண்டு. ஒரு தீனாரைக்கூட விடாது நின்று கேட்டாலன்றித் தராதோரும் உண்டு என்பது அதன் கருத்து. அதை விளக்கத் தொடங்கிய என் குரல் தடுமாறியது.

பல்லாண்டுகளுக்கு முன் சபரிலிருந்து வந்த ஒருவர், தம் நண்பரின் தாயாரிடம் சேர்க்கும்படி ஐந்து தீனார் என்னிடம் தந்தார். என் மகள் காய்ச்சலில் கிடந்தாள். நோட்டை மாற்றி மருந்து வாங்கினேன். சம்பளம் வந்த பின்னரே அமானிதம் உரியவரைச் சேர்ந்தது. இருபது நாள் கடந்துவிட்டது. பணம் வந்த செய்தியே அறியாத அம்மூதாட்டி எப்படிக் கேட்பார்? உண்மையைச் சொன்னேன். "பிள்ளைக்குச் சுகமா, ஹஜ்ரத்?" என்று மட்டுமே கேட்டார். அவர் ஏசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இதையும் அன்று மாணவனிடம் மறைக்கவில்லை. மொழி கடன் வாங்கிய சொல்லைத் திருப்பித் தர வேண்டியதில்லை. மனிதன் கைக்கு வந்த அமானிதம் அப்படியன்று. அதை உரிய நாளில் உரியவரிடம் சேர்க்க அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.